இலகு காருக்கு அனுப்பிய பிரேக் தொகுப்பில் அளவு மாறிய பாகங்கள் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர்,
பிரேக் உதிரிப்பாக விற்பனைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த மார்ச் மாதம் 2,850 வெள்ளி செலுத்தித் தங்கள் நிறுவனத்திடம் வாங்கிய பிரேக் தொகுப்பில், நான் கேட்ட அளவுகளுக்கு மாறான பாகங்கள் வந்துள்ளன. மூன்று முறை தொலைபேசியில் தெரிவித்தும் பயன் இல்லாததால் இப்போது எழுத்தில் தருகிறேன்.

நான் தோட்டப் பட்டறையில் பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். பழைய டொயோட்டா கொரோலா கேஈ70 ஒன்றின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின் அச்சையும் எடுத்து, சதுர இரும்புக் குழாய்ச் சட்டத்தில் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை மகனோடு சேர்ந்து கட்டினேன். அது பொதுச் சாலைக்கு வருவதில்லை. நிர்வாகியின் அனுமதியோடு செம்பனைத் தோட்டத்தின் உள்சாலையில் மட்டும் ஓடுகிறது. உரக் கிடங்கின் மேடைத் தராசில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்தில் பலகை கொடுத்து நிறுத்தியபோது, நான் உட்கார்ந்த நிலையில் முன்பக்கம் 292 கிலோவும் பின்பக்கம் 288 கிலோவும் இருந்தன. இந்த எடைகளையும், முன், பின் அச்சுகளுக்கு இடையேயான 2,300 மில்லிமீட்டர் தூரத்தையும், ஏறத்தாழ 450 மில்லிமீட்டர் எடைமைய உயரத்தையும் ஆர்டரிலேயே எழுதியிருந்தேன்.

வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.8 மடங்காக இருக்கும்படி பிரேக் பிடித்தால் இந்தக் காரில் ஏறத்தாழ 90 கிலோ பின்னிலிருந்து முன்னுக்கு மாறும். அப்போது பிரேக் விசை முன் 66, பின் 34 என்ற விகிதத்தில் பிரிய வேண்டும். ஆகவேதான் முன்பக்கம் 38 மில்லிமீட்டர் பிஸ்டன் நான்கு கொண்ட கேலிப்பரும் (பிஸ்டனால் பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் பாகம்), பின்பக்கம் பழைய டிரம்முக்குப் பதிலாக 34 மில்லிமீட்டர் ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரும், இரண்டு பக்கமும் ஒரே விட்டமுள்ள டிஸ்க்கும் கேட்டேன். முன்பக்கம் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும் அமைப்பு இது. பின் சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

வந்த பின் கேலிப்பரின் பிஸ்டனோ 48 மில்லிமீட்டர். 34-க்கும் 48-க்கும் பார்வைக்குச் சிறு வேறுபாடுதான் என்றாலும் பரப்பளவில் அது ஏறத்தாழ இரு மடங்கு. விகிதம் 56-க்கு 44 என்றாகிவிட, புவியீர்ப்பின் 0.3 மடங்கைத் தாண்டியதுமே பின் சக்கரங்கள் தம் பங்குக்கு மேல் பிடிக்கத் தொடங்குகின்றன. முதல் சோதனையில், காய்ந்த தார்ச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தி மிதித்தபோது, பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் குறுக்கே திரும்பி, வாய்க்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சாலையில் பதிந்த கறுப்புத் தடம் பின் டயர்களுடையது மட்டுமே. பொருத்துவதற்கு முன் அளந்து பார்க்காதது என் தவறுதான். பெட்டியின் மேல் 34 என்று ஒட்டியிருந்ததை நம்பிவிட்டேன்.

பேலன்ஸ் பாரைத் திருகினால் சரியாகிவிடும் என்று தங்கள் பணியாளர் சொன்னார். அது பாதத்தின் விசையை, பிரேக் எண்ணெயைத் தள்ளும் முன், பின் மாஸ்டர் பம்புகள் இரண்டுக்கும் பங்கிட்டு நுட்பமாகச் சரிசெய்வதற்கான கருவி. இரு மடங்குப் பிழையை விழுங்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. அவர் சொன்னபடியே முன்பக்கமாக அதன் எல்லைவரை திருகினேன். தண்டு சாய்ந்து இறுகியதே தவிர, மழை பெய்த சாலையில் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்வது நிற்கவில்லை.

மாஸ்டர் பம்புகளும் மாறியே வந்துள்ளன. இரண்டும் 15.9 மில்லிமீட்டர் கேட்டிருந்தேன், வந்தவை 19.05. மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டர் காரில் கிடையாது. பம்பின் பரப்பு 198-லிருந்து 285 சதுர மில்லிமீட்டராகக் கூடியதால், அதே அழுத்தத்துக்கு 1.44 மடங்கு பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கிறது. கல்லை மிதிப்பது போல் இருக்கிறது என்றேன். பெடல் கெட்டியாக இருந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பொருள் என்றார்கள். அறுபது வயதுக் காலுக்கு இந்த விளக்கம் போதாது.

பொருத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற தங்கள் விதி, கேட்டதை அனுப்பியிருந்தால் மட்டுமே பொருந்தும். விவரித்தபடியே பொருள் இருக்க வேண்டும் என்பதை 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உறுதிசெய்கிறது. 34 மில்லிமீட்டர் பின் கேலிப்பர் ஒரு ஜோடி, அதற்குரிய பேட், 15.9 மில்லிமீட்டர் பம்பு இரண்டு ஆகியவற்றை மாற்றித் தருவதோடு, அனுப்பும் செலவையும் வீணான பிரேக் எண்ணெயின் விலையையும் தாங்களே ஏற்க வேண்டும். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன்.

தங்கள் கிடங்கில் 34 என்று ஒட்டியுள்ள மற்றப் பெட்டிகளையும் இன்றே திறந்து அளந்து பாருங்கள். அதே அளவை வேறு யாரேனும் வாங்கியிருந்தால், அவர் காரை எடுப்பதற்கு முன் அவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். ரசீதின் நகலையும், அளவுகோலோடு எடுத்த பிஸ்டனின் படத்தையும், சாலைத் தடத்தின் படத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்