காய்ச்சல் முகாமில் ஓர் இன்ச் டேப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்ததும் டெங்கு பற்றி நீங்கள் வெளியிட்ட பக்கத்தைப் படித்தேன். தேங்காய் ஓடு, பழைய டயர், மூடாத தொட்டி எல்லாம் சரி. யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்ற இடத்தில் கர்ப்பிணி, குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி என்று எழுதிவிட்டு, தொப்பைக்காரர்களை விட்டுவிட்டீர்கள். எங்கள் தெருவில் ஒட்டியிருந்த துண்டறிக்கையிலும் அவர்களைக் காணோம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட டெங்கு வழிகாட்டுதலில், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் வரிசையில் உடல் பருமனும் இருக்கிறது. அதே ஆண்டு வந்த பன்றிக்காய்ச்சலும், பிறகு வந்த கொரோனாவும் பருமனானவர்களைத்தான் கூடுதலாகப் படுத்தின.

காய்ச்சலுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. எதிர்ப்பு அணுக்கள் அதற்குள் குடியேறி, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை ஓயாமல் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ரைஸ் மில் பின்கட்டில் குவித்த உமி மாதிரி, வெளியே ஜுவாலை தெரியாது, உள்ளே கனன்றபடியே இருக்கும். அந்த நேரத்தில் வைரஸ் நுழைந்தால், முதல் நாள்களிலேயே அதை அடக்க வேண்டிய இன்டர்ஃபெரான் என்ற புரதம் மந்தமாக வேலை செய்கிறது. வைரஸ் பெருகிய பிறகோ, எதிர்ப்பு அளவு மீறிப் பாய்ந்து சொந்த உறுப்புகளையே பதம் பார்க்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் ஏற்கெனவே பழுதாகியிருப்பதால் கொரோனாவில் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் ரத்தம் எளிதில் உறைந்தது. டெங்குவில் அதே சுவர் வழியே ரத்தத்தின் நீர் கசிகிறது. கொழுப்பேறிய ஈரலுக்கு டெங்கு இன்னொரு அடி. மல்லாந்து படுத்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசையைத் தொப்பை மேலே தள்ளும்; மூச்சுக்கும் இடம் குறையும்.

போன மழையில் என் அக்கா வீட்டுக்காரருக்கு டெங்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "கவுண்ட் எவ்வளவு?" என்று தட்டணுக்களை மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே வயிற்றுவலி, வாந்தி, கைகால் சில்லிட்டது. டூட்டி டாக்டர் முதலில் கேட்டது உயரத்தை. "96 கிலோ சார்" என்று அக்கா எடையைச் சொல்ல, "அந்தக் கணக்குல டிரிப் ஏத்த முடியாதும்மா, உயரத்துக்கு இருக்க வேண்டிய எடைதான் கணக்கு" என்றார். இருக்கிற எடைக்கு ஏற்றினால் கசியும் நீர் நெஞ்சில் சேர்ந்து மூச்சு முட்டும், தேவைக்குக் குறைத்தால் பிரஷர் விழுந்து ஷாக். மணிக்கொரு தரம் பிரஷரும் சிறுநீர் அளவும் பார்த்துப் பார்த்து மீட்டார்கள்.

டெல்டாவில் நடவும் அறுப்பும் மிஷினுக்குப் போய்விட்டன. தட்டில் விழும் சோறு மட்டும் ஏர் பிடித்த காலத்து அளவிலேயே நிற்கிறது; ராத்திரிக்குப் பரோட்டா வேறு. வேட்டி கட்டுகிறவருக்கு இடுப்பு பெருப்பது தெரிவதும் இல்லை. பேன்ட் என்றால் பட்டனாவது சொல்லும். நம் நாட்டவருக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இடுப்பளவுதான் எல்லை. எடையில் பார்த்தால், 165 செ.மீ. உயரமுள்ளவர் 68 கிலோவைத் தாண்டினாலே பருமன் கணக்கில் வந்துவிடுவார். இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. கேலிக்குப் பயந்தே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதவர்களை என் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பருமனானவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசியின் பலனும் குறைவு என்று 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஊசி போட்டவர்களிலேயே, சரியான எடை உள்ளவர்களைவிட அவர்களுக்கு ஃப்ளூவோ அதுபோன்ற காய்ச்சலோ வந்தது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதற்காக ஊசியே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அது இன்னும் மோசம்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். அதேபோல் காய்ச்சல் முகாம் மேசையில் ஓர் இன்ச் டேப்பும் இருக்கட்டும். நீங்களும் அடுத்த முறை கொசுப் படத்துக்குக் கீழே 90, 80 என்ற இரண்டு எண்களையும் கட்டம் கட்டிப் போடுங்கள். அதைத் தாண்டியவர்கள் காய்ச்சல் கண்ட மறுநாளைக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது, காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
குடவாசல், திருவாரூர் மாவட்டம்.