பேன் யார் தலையிலிருந்து வந்தது?

எச்.எம். டீச்சருக்கும், பி.டி.ஏ.வில் (பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில்) இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "மூணாம் கிளாஸில் பேன் தொல்லை. பங்காளிப் பிள்ளைகளைத் தனியா உக்கார வையுங்க." அதற்குக் கீழே 17 கட்டைவிரல். (மலையாளத்தில் வங்காளியை 'பங்காளி' என்பார்கள்.) நான் எதுவும் போடவில்லை, மறுத்து ஒரு வரி போட்டிருக்க வேண்டும். மறுநாளே அந்தக் குழந்தை கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள் (பிள்ளைகள் என்று பன்மையில் எழுதினாலும் அந்த வகுப்பில் இருப்பது அவள் ஒருத்திதான்). என் மகள்தான் வந்து சொன்னாள், ஏதோ நல்ல காரியம் நடந்துவிட்ட மாதிரி.

அன்று ராத்திரி திண்ணையில் பழைய பேப்பரை விரித்து, பேன்சீப்பால் என் மகள் தலையை வாரினேன். விழுந்தவை 11. ஈர் தனிக்கணக்கு. பேனுக்கு இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது, தலையும் தலையும் ஒட்டினால் நடந்து போகும், அவ்வளவுதான். அழுக்குத் தலை, சுத்தமான தலை என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. என் மகளிடமிருந்தே அந்தக் குழந்தைக்குப் போயிருக்கலாம். அதற்காக என் மகளை யாரும் கடைசி பெஞ்சுக்கு அனுப்பப் போவதில்லை.

அப்புறம் அந்தப் பெயர். அவள் வங்காளியே இல்லை. அப்பா ஒடிசாக்காரர், இங்கே பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறார். ரயிலேறி, கேரள எல்லையிலுள்ள வாளையாறு தாண்டி வருகிற வடக்கத்திக்காரர் எல்லாருக்கும் நாம் ஒரே பெயர் வைத்துவிட்டோம். தமிழில் எழுதினால் 'பங்காளி', அதாவது நம்மோடு பங்கு உள்ளவர்! கேரள அரசு 'அதிதி தொழிலாளி' என்கிறது, விருந்தாளியாம். இரண்டில் எதையாவது ஒன்றை நாம் மதித்திருக்கலாம்.

மலையாளி வீட்டார்மேல் மட்டும் பழியைப் போட முடியாது, செய்தி போட்டவர் நம் தமிழ் ஆள். இதே பள்ளியில் நான் படித்தபோது என் பெயர் 'பாண்டி', தமிழரை இங்கே கேலியாகக் கூப்பிடும் பெயர். எங்கள் பூர்வீகம் பொள்ளாச்சிப் பக்கம், பாண்டிய நாட்டுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. "பாண்டின்னா ராஜா வம்சம்மா" என்று அப்பா சமாதானம் சொல்வார். ஆனால் மதியம் இட்லிப்பொடியின் நல்லெண்ணெய் வாசத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் எதிரில், டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்து, உள்ளே விரலை மட்டும் விட்டு எடுத்துச் சாப்பிட்டவள் நான்தானே. அந்தக் குழந்தையும் இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாளாம்.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யச் சொல்லி 1956ல் அரசியல் சாசனத்தில் 350-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதைக் காட்டித்தானே தமிழ் டிவிஷன் வேண்டும் என்று நாம் மனு எழுதுகிறோம்? இவளுக்கு வயது 10, மலையாளம் வராது என்பதற்காக மூணாம் கிளாஸில் உட்கார்ந்திருக்கிறாள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4வது பிரிவு சொல்கிறது. 17வது பிரிவு அடியை மட்டுமல்ல, குழந்தையின் மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. எறணாகுளம் மாவட்டத்தில் 2017ல் ரோஷ்ணி என்று ஒரு திட்டம் தொடங்கி, பிள்ளைகளின் மொழி தெரிந்தவர்களை வைத்தே மலையாளம் சொல்லிக்கொடுத்தார்கள். கஞ்சிக்கோட்டில் ஒடியா தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் போய் நின்றால் போதும்.

'இனவெறி ஒழிக' என்று சார்ட் எழுதி ஒட்ட வேண்டாம், தயவுசெய்து. அவளை முன் பெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள். பேன் மருந்தை வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே நாளில் போடச் சொல்லுங்கள். பி.டி.ஏ. கூட்டத்தை ஒரு தடவையாவது ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வேலைநாளில் வைத்தால் அந்த அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

அவள் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது, என் மகளிடம் கேட்டு. திங்கட்கிழமை அவள் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லியிருக்கிறேன், தலைக்கு மருந்து போட்டுத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அந்த 11 பேனுக்குச் சொந்தக்காரியின் அம்மா