ஜார்ஜ் டவுனுக்கு இரண்டு தடவை போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் சென்னையின் பழைய கடைவீதிப் பகுதியைப் பற்றி ‘ஒரே நாளில் ஜார்ஜ் டவுன்’ என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் அக்கா மகன் அந்தப் பக்கங்களைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன் மனைவியையும் என்னையும் கிளப்பிவிட்டான். ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடையில் 31 வருடம் கணக்கு எழுதியவன் நான். “இந்த வரிசையில் போனால் சரிப்படாதுப்பா” என்று மெட்ரோ ஏறும்போதே சொன்னேன். அச்சில் வந்ததற்கு முன்னால் மாமா பேச்சு எடுபடுமா?

நீங்கள் எழுதியபடி மாலை 4 மணிக்கு ஆர்மேனியன் தெருவில் ஆரம்பித்தோம். ஆர்மேனியர் தேவாலயத்தின் கதவு சாத்தியிருந்தது. மதியத்துக்கு மேல் பூட்டிவிடுவார்கள் என்று அந்தத் தெருவில் டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். கம்பி வழியாக எட்டிப் பார்த்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். அடுத்து எங்கள் ஆண்டர்சன் தெருவுக்கு வந்தால், கல்யாணப் பத்திரிகை அட்டை ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டிகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன, ஆள் நடக்க வழி இல்லை. மருமகள் பாவம், தலைவலி என்று ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஜார்ஜ் டவுனில் பார்க்க வேண்டியதெல்லாம் காலையில். தின்ன வேண்டியதெல்லாம் விளக்கு வைத்த பிறகு. நடுவில் இருப்பது வெயிலும் மூட்டையும்தான். இரண்டையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்த்தால் இரண்டுமே கைநழுவும்.

காலை 8 மணிக்கு மண்ணடி மெட்ரோவில் இறங்கினால் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில் நடக்கிற தூரம்தான். 1677இல் சிவாஜி வந்து கும்பிட்ட கோயில். சுதேசமித்திரன் பத்திரிகையில் வேலை பார்த்த நாளில் பாரதியும் இங்கே வருவார் என்று சொல்வார்கள். அதை முடித்துக்கொண்டு ஆர்மேனியர் தேவாலயத்துக்குப் போக வேண்டும். இப்போது நிற்கிற கட்டடம் 1772இல் எழுந்தது. உள்ளே நுழைந்ததும் தெருச் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். முற்றத்தில் நாம் நடக்கிற தளமே கல்லறைக் கற்கள்தான். காலடியில் ஆர்மேனிய எழுத்து. அதில் ஒரு கல்லறை ஷ்மாவோனியன் என்ற பாதிரியாருடையது. உலகத்திலேயே முதல் ஆர்மேனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையில். அதை நடத்தியவர் இவர். பத்திரிகை நடத்துகிற நீங்களே இதை விட்டுவிட்டீர்களே என்பதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இன்னொரு திருத்தமும் உண்டு. கோட்டை கட்டிய நாளிலிருந்தே இருக்கிற தெருக்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதல் கருப்பர் பட்டணம், அதாவது ஆங்கிலேயர் கோட்டைக்கு வெளியே நம் ஜனங்கள் குடியிருந்த பகுதி, கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில், எதிரி வந்தால் பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று ஆங்கிலேயர்கள் அதைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. அதற்குப் பதிலாகக் கட்டியதுதான் தேவராஜ முதலித் தெருப் பக்கம் இருக்கிற, நாங்கள் பட்டணம் கோயில் என்று சொல்கிற இரட்டைக் கோயில். பெருமாளும் சிவனும் அடுத்தடுத்த வாசல். கண்ணாடிக் கடைக்கும் சாமி பட சட்டக் கடைக்கும் நடுவில் வாசலைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஜார்ஜ் டவுன் என்ற பெயரே 1911இல் ஐந்தாம் ஜார்ஜை முன்னிட்டு வைத்தது. எங்கள் முதலாளியின் அப்பா கடைசிவரை முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்றுதான் சொல்வார்.

பத்தரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். சாப்பாட்டுக்கு இன்னொரு நாள் சாயங்காலம் வர வேண்டும்.

தங்கசாலையில் காக்கடா ராம்பிரசாத் கடை ஜிலேபியை நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அங்கேயே வயிற்றை நிரப்பிக்கொண்டால் மற்றதெல்லாம் வீண். ஒரு தட்டை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். முறுக்கு சாண்ட்விச்சும் அப்படியே: இரண்டு முறுக்குக்கு நடுவே தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி. பார்க்கச் சிரிப்பு வரும், கடித்த பிறகு வராது. அப்புறம் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை. இட்லி, ஊத்தப்பம், இரண்டே அயிட்டம். இலையில் நெய் ஓடும். டாக்டர் சொன்னதை அன்று ஒருநாள் மறந்துவிட வேண்டியதுதான்.

அத்தோவை ‘பர்மா நூடுல்ஸ்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1960களில் பர்மாவில் கடை, வீடு எல்லாம் பறிகொடுத்துக் கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. பர்மா பஜாரும் அவர்களுக்காக 1969இல் வந்ததுதான். செகண்ட் லைன் பீச் தெருவில் தள்ளுவண்டிக்காரர் கலக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கிண்ணத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், புளித்தண்ணீர். பேஜோ என்கிற மொறுமொறு தட்டையைக் கையாலேயே நொறுக்கிப் போட்டு, அதே கையால் பிசைவார். கரண்டி எடுத்தால் ருசி போய்விடும் என்பார். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அதைக் குடித்த பிறகுதான் மருமகளுக்குத் தலைவலி விட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

கழிவறையைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. பெண்களோடு வருகிறவர்களுக்கு முதல் கவலை அதுதான். மண்ணடி, உயர் நீதிமன்றம் இரண்டு மெட்ரோ நிலையத்திலும் இருக்கிறது; வெளியே வருவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுவது நல்லது. சில்லறையும் கொண்டுபோங்கள்.

தீபாவளிக்கு மறுபடி வருகிறார்கள். காலையில் ஒருநாள் நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் கதவு திறக்கிற நேரம், மூடுகிற நேரம் இரண்டையும் விசாரித்து ஒரு திருத்தமாகப் போட்டுவிட்டீர்கள் என்றால், அந்தத் தாளையும் சேர்த்து மடித்துக்கொண்டு வருவான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை