சிங்க் பொத்தானுக்குப் பம்பை கேட்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் டி.ஜே. தொழில் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காதால் கேட்டு மிக்ஸ் செய்த காலம் மலையேறிவிட்டது, இரண்டு பாட்டின் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் சிங்க் பொத்தானை அழுத்தத் தெரிந்தவனெல்லாம் டி.ஜே. என்று அதில் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். காவேரிப்பட்டணத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் எனக்கு அந்த வருத்தம் இல்லை. எங்கள் பக்கம் அப்படி ஒரு பொற்காலம் இருந்ததே இல்லை. ரேடியோ செட் காலத்தில் ஒரு பாட்டு முடியும், ஊசி கரகரவென்று ஓடும், அடுத்த ரெக்கார்டை எடுத்துப் போடுவோம். அவ்வளவுதான் மிக்சிங்.

பாட்டோடு பாட்டைத் தாளம் தப்பாமல் ஒட்டவைக்கும் வித்தை, 1960களின் கடைசியில் நியூயார்க்கில் பிரான்சிஸ் கிராசோ போன்றவர்கள் கையில் வளர்ந்தது. 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற ரெக்கார்டு பிளேயர் பிற்பாடு, வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் ஸ்லைடருடன் வந்து உலகம் முழுக்க டி.ஜே.க்களின் கருவி ஆனது. நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் தலைமுறை நேராக லேப்டாப்புக்குத் தாவியது.

காதால் செய்வது என்றால் என்ன என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. ஒரு காதில் ஹெட்போன், அதில் அடுத்து வரப்போகும் பாட்டு. இன்னொரு காதில் வெளியே ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு. ஒன்று நிமிடத்துக்கு 120 தாள அடி, மற்றது 121 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றாக விழும். பத்து விநாடியில் 'தம்' என்பது 'தத்தம்' ஆகும். அரை நிமிடம் போனால் ஒன்றின் அடி சரியாக மற்றதன் இடைவெளியில் விழும், ஆடுகிறவர்கள் கால் எதை வைப்பது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள். அந்தத் 'தத்தம்' வந்த உடனே, எது முந்துகிறது எது பிந்துகிறது என்று பிடித்து விரலால் சரிசெய்வதுதான் மொத்த வேலையும். இதை இப்போது சிங்க் பொத்தான் செய்துவிடுகிறது. 2012-இல் பயனியரின் டி.ஜே. பிளேயரான சிடிஜே-2000 நெக்சஸில்கூட அந்தப் பொத்தான் வந்துவிட்டது. சரி, செய்யட்டுமே. ஓசூர் கல்யாணங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் மாறி மாறிக் கேட்பார்கள். புதுப் பாட்டுகளெல்லாம் கம்ப்யூட்டரில் தாளம் வைத்துப் பதிவானவை. என்னிடம் வேலை செய்யும் பையன் சிங்க் போட்டுத்தான் ஓட்டுகிறான், நான் ஒன்றும் சொல்வதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். எழுபதுகளின், எண்பதுகளின் பாட்டுகளை ஆட்கள் உட்கார்ந்து கையால் வாசித்தார்கள். சரணத்தில் ஒரு இழை வேகம் கூடும், பல்லவிக்குத் திரும்பும்போது இறங்கும். மென்பொருள் முதல் சில அடியை வைத்து, அடுத்த அடிகள் எங்கே விழும் என்று கட்டம் போட்டுவிட்டால் இரண்டாவது சரணத்துக்குள் கட்டம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில் வரும் குத்துப்பாட்டு என்றால் இன்னும் மோசம், 100 என்று காட்டவேண்டியதை 150 என்று காட்டும். திரையில் இரண்டு பாட்டுக்கும் எண் ஒன்றாக இருக்கும், வெளியே கேட்டால் இரண்டின் மேளமும் ஒன்றோடொன்று மோதும். எண்ணைப் பார்த்தே பழகிய பையனுக்கு அப்போது என்ன தப்பு என்றே புரியாது. வால்யூமைக் கூட்டுவான்.

அப்புறம் பம்பை, எங்கள் பக்கத்து இரட்டை மேளம். எங்கள் ஊர் மயானக்கொள்ளைத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பம்பை ஒரே வேகத்தில் நிற்காது. அருள் வரும் நேரத்தில் ஏறிக்கொண்டே போகும். இப்போதெல்லாம் திருவிழா ஊர்வலங்களில் பம்பைக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் டி.ஜே. வண்டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும், நிற்காது. பம்பை லேப்டாப்புக்குள் இல்லையே, சிங்க் எதோடு ஒட்டும்? அந்த வேகத்தைக் காதில் வாங்கி, பொத்தானில் விரலால் தட்டிக் காட்டினால்தான் மெஷினுக்கே எண் தெரியும். கடைசி அடி விழுவதற்கு முன்பே பாட்டு ஹெட்போனில் அதே நடையில் தயாராக இருக்க வேண்டும். பல வண்டிகளில் நடப்பது என்னவென்றால், பம்பை நின்றதும் 'என்ன ஃபிரண்ட்ஸ், ரெடியா' என்று மைக்கில் கத்தி இடைவெளியை நிரப்புகிறார்கள்.

காதை நம்பும் தொழிலுக்குக் காது மிச்சம் இருக்கவேண்டும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கணக்கு. நம் பையன்கள் பேஸ் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க நிற்கிறார்கள். பத்து ரூபாய்ப் பஞ்சு அடைப்பான் வைத்துக்கொள்ளச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆகவே பொத்தானைத் திட்டுவதை விட்டுவிட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டி.ஜே. வகுப்பு எடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரம் திரையைத் துண்டு போட்டு மூடிவிடுங்கள். இரண்டாம் வாரம் ஒரு பம்பைக் குழுவை வகுப்புக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, பையன்கள் அதோடு சேர்த்துப் பாட்டை எடுக்கட்டும். சம்பளத்தை முன்பே பேசிக் கையில் கொடுத்துவிட வேண்டும். மேளக்காரரைச் சும்மா வந்து வாசிக்கச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் ஏற்கெனவே அதிகம்.

இப்படிக்கு,
சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.