முதலில் ஃபேக்டர், அப்புறம் எக்ஸ்ரே

அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு மருத்துவருக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். போன செவ்வாய் இரவு உங்கள் பிரிவில், ஹீமோபிலியா என்ற, ரத்தம் எளிதில் உறையாத குறைபாடு உள்ள என் மகனோடு நான் காத்துக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். புகார் எழுதிக் கொடுத்தேன். 'விசாரிக்கிறோம்' என்று பதிலும் வந்துவிட்டது. அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரவு 10 மணிக்கு வந்தபோது அவனுடைய கால்சட்டை முட்டியில் தொளதொளவென்றுதான் இருந்தது. 2 மணிக்கு அதைக் கழற்ற முடியாமல் ஒரு செவிலியர் கத்தரியால் வெட்டி எடுத்தார். அந்த 4 மணி நேரமும் மூட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. ரத்தம் உறைய அவனுக்கு வேண்டிய ஃபேக்டர் 8 மருந்தோ, இரண்டு கதவு தள்ளி உங்கள் குளிர்ப்பெட்டியில் பத்திரமாக இருந்தது. எடுத்துக் கொடுக்க ரத்தவியல் நிபுணரின் கையெழுத்து வேண்டுமாம். அவர் காலையில்தான் வருவாராம்.

"ரத்தம் எங்கேயும் வரவில்லையே" என்றார் பணியில் இருந்தவர். வெளியே வந்திருந்தால் நானே பஞ்சை வைத்து அழுத்தியிருப்பேனே! ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு ரத்தம் மற்றவர்களைவிட வேகமாகக் கொட்டாது, நிற்கத்தான் நேரமாகும். சின்னக் கீறலுக்கு நாங்கள் பதறுவதில்லை. மூட்டு, தசை, தலைக்குள் கசிவதைத்தான் பயப்படுகிறோம். வீக்கம் தெரிவதற்கு முன்பே 'உள்ளே குறுகுறுக்குது அப்பா' என்று சொல்லப் பழகிவிட்ட பிள்ளை அவன். அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வலிக்கு இடுப்புத் தசையில் ஊசி போட வந்தார்கள். நான்தான் குறுக்கே கையை நீட்டினேன். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் சோதனை ஒன்றில் 'பி.டி. நார்மல்' என்று ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். ஹீமோபிலியாவில் அது நார்மலாகத்தான் இருக்கும் ஐயா, நீள்வது ஏ.பி.டி.டி. என்ற இன்னொரு சோதனையின் நேரம். இதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியிருப்பது எனக்கே சங்கடமாக இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான்: சிகிச்சை அட்டையைக் காட்டியதும் முதலில் ஃபேக்டரை ஏற்றுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், படிவம் எல்லாம் அப்புறம். தலையில் அடிபட்டு வந்தாலும் இதே வரிசைதான். ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப ரத்தம் சேர்ந்தால் குருத்தெலும்பு அரித்துப்போகும். போனது திரும்பி வராது.

அந்த இரவில் என் மனைவியிடம் "உங்கள் வழியில் வந்ததா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான். ஆனால் மரபணுவைச் சுமக்கும் பெண்ணுக்கும் ஃபேக்டர் குறைவாக இருக்கலாம், அவளுக்கும் ரத்தம் நிற்காமல் போகலாம் என்று அந்த மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதந்தோறும் அவள் படுவதைச் சொன்னால் 'எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே' என்பார்கள். ஃபின்லாந்து மருத்துவர் வான் வில்லபிராண்ட், பின்னாளில் தன் பெயரால் அறியப்பட்ட, ரத்தம் சரியாக உறையாத இன்னொரு நோயைப் பற்றி 1926-இல் எழுதினார். அவர் முதலில் பார்த்த சிறுமி வளர்ந்து, மாதவிடாய் ரத்தப்போக்கிலேயே இறந்துபோனாள். இத்தனை காலம் ஆகியும் பதில் மட்டும் மாறவில்லை.

ஏப்ரல் 17, ஹீமோபிலியா நாள் அன்று உங்கள் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. அழகாகவே இருந்தது. அதற்கு ஏணி கொண்டுவர ஆள் இருந்தது, குளிர்ப்பெட்டியைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். இரவுப் பணி மருத்துவரே ஃபேக்டர் கொடுக்கலாம் என்று தயவுசெய்து எழுத்தில் ஓர் ஆணை போடுங்கள். அதன் நகல் ஒன்று வரவேற்பு மேசையில் இருக்கட்டும். முதலில் ஃபேக்டர் என்ற ஒரு வரி இருந்தால் போதும். அடுத்த முறை நாங்கள் வரும்போது அதைக் கையால் தொட்டுக் காட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முட்டி இன்னும் மடங்காத அந்தச் சிறுவனின் அப்பா