ஜக்கூரில் எனக்காக நின்ற ஐயாவுக்கு

வணிக விமானி உரிமம் பெற, குறைந்தது 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர், விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்று ஒரே பயணமாக ஓட்டிக் காட்ட வேண்டும். வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நிற்கவும் வேண்டும். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் அந்தப் பயணத்தை நல்லபடியாக முடித்துவிட்டேன். பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்தில் புறப்படும் முன் உதவிய ஐயா, உங்கள் பெயரைக் கேட்கக்கூட அன்று நேரம் வாய்க்கவில்லை.

வாசலில் நான் அம்மாவிடம் தமிழில் பேசியதைக் கேட்டிருக்கிறீர்கள். இறக்கைக்கு அடியில் நின்று, அதனுள் உள்ள தொட்டியின் எரிபொருளைக் குப்பியில் வடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அருகே வந்து, "கண்ணு, இறக்கையை மெல்ல ஆட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி வடித்துப் பார்" என்றீர்கள்.

வடித்தேன். நீல நிறப் பெட்ரோலுக்கு அடியில் நிறமற்ற முத்து ஒன்று உருண்டது. தண்ணீர்! பாதி நிரம்பிய தொட்டியில் இரவின் ஈரப்பதம் குளிர்ந்து இப்படிச் சேர்வதுண்டு; பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் பதுங்கிவிடும். எஞ்சினுக்குள் போனால் நடுவானில் எஞ்சினே நின்றுவிடலாம். அதுவும் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஜக்கூரின் மெல்லிய காற்றில் சிறு விமானம் மேலேறுவதே மெதுவாகத்தான்.

தூய நீலம் மட்டும் வரும்வரை, உங்கள் வேலையை விட்டுவிட்டு நின்றீர்கள். எத்தனை பெரிய மனம்! பயிற்சியாளரிடமும் சொல்லிவிட்டுப் போகச் சொன்னீர்கள், சொன்னேன். என் பறப்புப் பதிவேட்டில் அந்தப் பயணம் பதிவான பக்கத்தை உங்களிடம் காட்ட ஆசை. மனமார்ந்த நன்றி, ஐயா.