வலது தோளில் ஒரு வலி

தென்காசி,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு நலம், அங்கும் அவ்வாறே இருக்குமென நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் எட்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமல்ல. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவற்றை எழுத எனக்குக் கை வராது. சென்ற மாதம் என் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் இப்போதைய செய்தி. வயிற்றில் நான்கு சிறு துளைகள், இரண்டு இரவுகள், ஏழு கற்கள். கற்களை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மேசைமீது வைத்திருந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் அவற்றைத் திறந்து காட்டுவதைக் கண்டு சகிக்காமல், என் மனைவி ஒரு வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவும்போது அவற்றையும் சேர்த்து வெளியேற்றிவிட்டாள். அறிவியலுக்கு எதிரான இத்தகைய செயல்கள் இந்த வீட்டில் புதியவை அல்ல என்பது உனக்குத் தெரியும்.

நான் சொல்ல வருவது அறுவை சிகிச்சையைப் பற்றியல்ல. முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் மனித உடலை வரைந்து, அம்புக்குறி போட்டுப் பெயரெழுதிய நான், என் உடம்பிலிருந்து வந்த செய்தியைப் படிக்கத் தெரியாதவனாக இருந்தேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். எனக்கு வலி முதலில் வந்தது வயிற்றில் அல்ல, வலது தோளில். கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த இரவுகளில் தோள்பட்டை எலும்புக்கு அருகில் குடைச்சல் எடுக்கும். தலையணையைக் குறை சொன்னேன். மிதிவண்டியைக் குறை சொன்னேன். பஞ்சுத் தலையணையை மாற்றி இலவம்பஞ்சு வாங்கினேன். எண்ணெயும் நெய்யும் உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், சுருங்கும்போது கல் வாயை அடைக்கும் என்று எத்தனை ஆண்டுகள் நான் பாடம் நடத்தியிருப்பேன், எண்ணிப் பார்.

மருத்துவர் இளைஞர், நம் பேரப்பிள்ளை வயது இருக்கலாம். என்னைப் படுக்கவைத்து, வலது விலாவின் ஓரத்துக்குக் கீழே நான்கு விரல்களை ஊன்றி, மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார். பாதி மூச்சு போனதும் யாரோ உள்ளே கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிட்டது. அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. அவர் தலையசைத்தார். அந்த ஒரு நொடியில் ஒரு முழுப் பாடமும் என் விலாவுக்கடியில் நடந்து முடிந்தது. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. அது கல்லீரலைத் தள்ளுகிறது. கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீங்கிய பித்தப்பை அவருடைய விரல்களில் வந்து இடிக்கிறது. உதரம் என்றால் வயிறு, விதானம் என்றால் மேற்கட்டி. வயிற்றுக்கு மேலே கட்டிய பந்தல்! இந்தச் சொல்லை எத்தனையோ முறை எழுதிப்போட்டிருக்கிறேன், ஒருமுறையும் அண்ணாந்து பார்த்ததில்லை.

தோள்வலியின் மர்மமும் அந்தப் பந்தலில்தான் இருக்கிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு அதன் பக்கத்திலிருந்து புறப்படுவதில்லை. கழுத்தில், தண்டுவடத்தின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நரம்பு வேர்களிலிருந்து புறப்பட்டு, மார்புக்குள் இதயத்தை ஒட்டியே இறங்கி வருகிறது. தோளின் மேற்புறத் தோலில் உண்டாகும் உணர்வும் கழுத்தின் அதே பகுதிக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஆகவே பித்தப்பை வீங்கி உதரவிதானத்தை உறுத்தும்போது, மூளை முகவரியைத் தவறாகப் படித்துத் தோள் வலிக்கிறது என்கிறது. நம் கிளை அஞ்சலகத்தில் உன் கடிதங்களை எதிர்வீட்டில் போட்டுவிட்டுப் போவார்களே, அதைப் போல. மருத்துவர் இதைச் சொன்னபோது, ஆமாம், எனக்குத் தெரியும் என்று சொல்லத் தோன்றியது. தெரியாது, சுந்தரம். படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார், கடையநல்லூர்ப் பக்கம். கல் ஒன்று வழுக்கி, பித்தநாளமும் கணைய நாளமும் சேர்ந்து முன்சிறுகுடலில் திறக்கும் வாயில் சிக்கிக்கொண்டதால் அவருக்குக் கணையமும் வீங்கிவிட்டது. கண்கள் மஞ்சளாகிவிட்டன. பேங்கிரியாஸ் என்று மருத்துவர் சொல்ல, அவருடைய மகன்கள் இருவரும் அது ஏதோ புதிதாக வந்த நோயின் பெயர் என்று நினைத்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் அழைத்து, அது எல்லோருக்கும் உள்ள உறுப்பு, இரைப்பைக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கும் சற்றுக் குறைவாகக் குறுக்கே கிடக்கும், செரிமான நீரையும் இன்சுலினையும் சுரக்கும், தமிழில் அதற்குக் கணையம் என்று பெயர் என்று சொன்னேன். பெரியவனின் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை: "எங்க அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு சார், பத்து வருஷமா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?" பத்து ஆண்டுகளாக மாத்திரை விழுங்கும் வீட்டில், அந்த நோய் குடியிருக்கும் உறுப்பின் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

நம் மக்களுக்கு உறுப்புகளே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. சந்தை நாளில் கறிக்கடைக்குப் போய் நில். சுவரொட்டி வேண்டும், ஈரல் வேண்டும், குடல் வேண்டும் என்று துல்லியமாகக் கேட்டு வாங்குவார்கள். அந்தச் சுவரொட்டிதான் மண்ணீரல் என்றும், அது அவர்களுடைய இடப்பக்க விலாவுக்குள்ளும் ஒன்பதாம், பத்தாம் எலும்புகளின் மறைவில் இருந்துகொண்டு ஆயுள் முடிந்த இரத்தச் சிவப்பணுக்களை அப்புறப்படுத்துகிறது என்றும் சொன்னால் சிரிப்பார்கள். ஆட்டின் உடற்கூறு தெரிந்த அளவுக்குத் தன் உடற்கூறு தெரியாது. பாட்டனார் காலத்துக் குண்டிக்காய் என்ற சொல்லை வெட்கப்பட்டுக் கைவிட்டுச் சிறுநீரகத்துக்கு மாறினோம். இப்போது அதையும் விட்டுக் கிட்னிக்குப் போய்விட்டோம். ஒன்பதாம் வகுப்பு இ பிரிவில் நீ அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியரிடம் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை.

பொழுது போகாமல், நீ கொடுத்த அந்த யாழ்ப்பாணக் குறிப்பேட்டை மறுபடியும் படித்தேன். அமெரிக்காவிலிருந்து 1847-இல் வந்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்த சாமுவேல் கிறீன், 1864 முதல் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றுக்கு அவர் அங்காதிபாதம் என்று பெயர் வைத்தார். 1872-இல் மனுஷ அங்காதிபாதம் அச்சாகி வந்துவிட்டது. நம் புலவர்கள் தெய்வத்தை அடியிலிருந்து முடிவரை பாதாதிகேசமாகவும் மனிதரை முடியிலிருந்து அடிவரை கேசாதிபாதமாகவும் பாடித் தோலோடு நின்றுவிட்டார்கள்; அந்த மனிதர் தோலைத் தாண்டி உள்ளே போய் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் தேடியிருக்கிறார். யாழ்ப்பாணத்து உன் மருமகள் கணையத்தைச் சதையி என்பாள், உதரவிதானத்தைப் பிரிமென்றகடு என்பாள், திசுவை இழையம் என்பாள். இவற்றில் இழையத்துக்கு நான் என் ஓட்டைப் போட்டுவிட்டேன். பிரிமென்றகடு வேண்டாம், பந்தலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனித் தள்ளிப்போட முடியாது. ராகுகாலம் என்று நாம் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட நம் நண்பன், இறந்ததற்கு முந்தின நாள் எனக்குத் தொலைபேசியில் பேசினான். நீ கேட்டபோது நான் இல்லை என்றேன், அது பொய். பேசினான். இடது தோள் இழுக்கிறது, கையின் உட்புறம் சுண்டுவிரல் வரை மரத்துப்போகிறது, நீ உயிரியல் வாத்தியார்தானே, என்ன செய்யலாம் என்று கேட்டான். முந்தின நாள் தண்ணீர்க் குடம் தூக்கினாயா என்றேன். தூக்கினேன் என்றான். சுளுக்கு, தைலம் தேய்த்துப் படு என்றேன். அத்துடன் விட்டிருக்கலாம், எழுந்ததும் நல்ல நேரம் பார்த்து வைத்தியரிடம் போ என்று கேலியும் செய்தேன். விடியவில்லை.

இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகள் மேல்மார்பு மட்டத்தில் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. இடது கையின் உட்புறத்திலிருந்து வருபவையும் ஏறத்தாழ அங்கேயே நுழைகின்றன. என் தோளில் நடந்த அதே முகவரிப் பிழைதான். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தேர்வில் இதயம் என்றால் நான்கு அறைகள், வால்வுகள், தமனி, சிரை. படம் வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண். இதயம் வலித்தால் எங்கெல்லாம் வலிக்கும் என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை, நானும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. ராகுகாலத்தின் மகன் என்னிடம் படித்தவன். அவனுக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தைலம் தேய்த்துவிட்டவன் அவன்தான்.

என்னைத் தேற்ற வேண்டாம். அதற்காக எழுதவில்லை. உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. மனித உடலின் படம் ஒன்று வேண்டும், கதவளவு பெரிதாக. நம் பள்ளிச் சுவரில் தொங்கியதைப் போன்றது வேண்டாம். அதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் கல்லீரலை இடப்பக்கம் என்று எழுதிக் கெட்டார்கள். முதுகு காட்டி நிற்கும் ஆளாக வரைந்துவிடு. பார்க்கிறவனின் வலமும் படத்தின் வலமும் ஒன்றாக இருக்கும். உறுப்புகள் மங்கலாகத் தெரியட்டும். எந்த உறுப்பு நொந்தால் தோலில் எங்கே வலிக்குமோ, அந்த இடத்தில் அதே நிறத்தைப் பூசு. கையின் உட்புறமும் நெஞ்சும் பின்னிருந்து தெரியாதே என்பாய். அவற்றுக்கு மட்டும் பக்கத்தில் முன்புறத்துக்கு ஒரு சிறு உரு போட்டுக்கொள். பெயர்களை நான் எழுதிக்கொள்கிறேன். பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடைக்காரர் சுவர் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்குப் படத்தில் ஒரு டீ கிளாஸ் இருக்க வேண்டுமாம், இரைப்பையின் அருகில் போட்டுக்கொடு.

இதயத்தை மட்டும், பயிற்சிக் கல்லூரிப் பதிவேட்டில் வரைந்ததைப் போலக் கத்தரிக்காயாக வரைந்து வைக்காதே. இடது கைக்குச் சிவப்பை அடர்த்தியாகப் பூசு. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இன்னும் பிடிபடவில்லை. நீ படத்தை அனுப்பு.

இப்படிக்கு,
உன் தவளை.